எல்லாருக்கும் தலைவேதனை

அந்தப் பல்கலைக்கழகச் சுகாதார மையத்தில் ஒரு காலத்தில் எல்லாருக்கும் தலைவேதனைதான். காலில் ஆணி குத்தியவனைத் தவிர வேறு யாரும் வேறு நோய் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? டாக்டர் மேசையை ஒட்டியே பெஞ்சு. அதில் கூடப் படிக்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போதாக்குறைக்கு, அட்டெண்டர் தாணுமாலையன் ஒவ்வொருவர் நோயையும் மருந்து கவுண்டருக்குச் சாயாக்கடை ஆர்டர் மாதிரி கூவுவார்: "தலைவேதனை ஒண்ணு!" வயிற்றுப்போக்குக்காரன்கூடத் தலைவேதனை மாத்திரையை வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடுவான்.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எம்.ஏ. படிக்க வந்த பேச்சிக்கும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. கொழுந்து கிள்ளும் அம்மாவிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான். மையத்துக்குப் போய் வரிசையில் நின்றும் பார்த்தாள். வாயில் தலைவேதனைதான் வந்தது.

அப்போதுதான் டாக்டர் ரெம்யா மாற்றலாகி வந்தார். பாறசாலைக்காரர், வீட்டில் மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவர். இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே நோய் எப்படி வரும் என்று பெஞ்சையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்துபோயிற்று. ஏ.சி. கேட்கவில்லை, புது நாற்காலி கேட்கவில்லை. மேசையைச் சுற்றித் தடுப்பும் ஒரு கதவும் கேட்டார். "காய்ச்சலுக்கு எதுக்குக் கதவு?" என்று அலுவலகத்தில் நக்கலடித்தார்கள். மனுஷி விடவில்லை. படியேறிப் படியேறி வாங்கியே விட்டார். பெஞ்சு வராந்தாவுக்குப் போனது. தாணுமாலையன் இனி டோக்கன் நம்பரை மட்டும் கூப்பிட்டால் போதும் என்று உத்தரவு. பாவம், அந்தக் குரலுக்கு அது பெரிய தண்டனை.

பேச்சியின் நம்பர் வந்தது. உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"என்ன செய்யுது மோளே?"

"தலைவேதனை, மேடம்."

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார். "செரி, அது வெளியே இருக்கவங்களுக்கு. இப்போ கதவு அடச்சாச்சு. எனக்கு உள்ளதச் சொல்லு."

பேச்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சொன்னாள். "வீட்டுக்குத் தெரிஞ்சா படிக்க விடமாட்டாவ மேடம்."

"நீ சொல்லாம இங்கேருந்து ஒரு வார்த்த வெளிய போவாது, கேட்டியா."

அன்றைக்கே ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்து, நர்ஸ் ஜெஸ்லினைத் துணைக்கு அனுப்பினார். ஊசி வைத்து எடுத்த சோதனையின் முடிவு வரும்வரை பேச்சி போனைக் கீழே வைக்கவில்லை. டாக்டரே போனில் கூப்பிட்டார்: சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. இப்படியும் ஒரு டாக்டரா என்று பேச்சிக்கு மலைப்பாக இருந்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் சொன்னாள்.

பரீட்சை வந்தது. படித்துப் படித்துப் பேச்சிக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. மையத்துக்குப் போனாள்.

"தலைவேதனை, மேடம்."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பயம் தெளியட்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பேடிக்காத மோளே. இனி சொல்லு."

"ஐயோ மேடம், சத்தியமா தலைவேதனைதான்!"

டாக்டர் சிரித்த சிரிப்பு வராந்தா பெஞ்சுவரை கேட்டது.