சமதளத்தில் விழுந்தவர்கள்

ஆற்றங்கரைக் காட்டுப்பாதையில் முதன்முதலில் விழுந்தவர் தாவரவியல் பேராசிரியர். அந்தப் பாதை மேஜையைப் போல மட்டமானது. விழுவதற்கு அங்கே பள்ளமோ படியோ கிடையாது. அவர் பக்கவாட்டில் விழுந்தார். மாணவர்களுக்கு ஒரு மரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர் கால்பிடி தவறி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வந்த வழியே காற்றைக் கிழித்துக்கொண்டு போனார். வளைவுகளில் ஒழுங்காக வளைந்து, எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட, வாகன நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு வேனின் கதவில் மோதி நின்றார். மாணவர்கள் மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் எந்த மரத்தைச் சொன்னார் என்பதுகூட அவர்களுக்கு ஞாபகமில்லை.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அம்மாள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனாவது மாடியிலேருந்து விழுந்தீங்க சார்?" என்று கேட்டார். "மாடியா? நடந்துக்கிட்டு இருந்தேம்மா" என்றார் பேராசிரியர். "நடந்தா இப்படி உடையாதே" என்று அந்த அம்மாள் அடுத்தவரைக் கூப்பிட்டார். அடுத்தவர் மலையேற்றப் பயிற்சியாளர். அவரும் அதே பாதையிலிருந்துதான் வந்திருந்தார்.

விஷயம் இவ்வளவுதான். வனத்துறை அந்தப் பாதையைத் திறந்தபோது நுழைவாயிலில் ஒரு பலகை வைத்தது: 'எளிய பாதை. புதியவர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஏற்றது.' பாதை அந்தப் பலகையை அப்படியே நம்பிவிட்டது. ஒன்றும் தெரியாதவர்களுக்கு அது தரையாகக் கிடந்தது. பக்கத்தில் ஆறு கணுக்காலளவு தண்ணீரோடு ஓடியது. கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு அது சரிவாயிற்று. நிறையத் தெரிந்தவர்களுக்குச் செங்குத்தாக எழுந்து நின்றது. அவர்களுக்குப் பக்கத்தில் அதே ஆறு அருவியாகக் கொட்டியது. கயிறு கட்டி, தரையில் ஆணி அடித்து, வயிற்றால் ஊர்ந்துகொண்டிருந்த புகழ்பெற்ற மலையேறி ஒருவரை, குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், "அண்ணே, கொஞ்சம் ஓரமாத் தொங்குங்க" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். அவரும் ஓரமாகத் தொங்கினார்.

விசாரிக்க ஒரு நிபுணர் குழு வந்தது. முதல் வளைவுக்குள் எல்லோரும் வாகன நிறுத்தத்தில் வந்து விழுந்தார்கள். குழுவைப் பார்வையிட வந்த வனத்துறைத் தலைவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அலுங்காமல் நடந்து போய்த் திரும்பி வந்தார். துறையில் இது கொஞ்சம் சங்கடத்தை உண்டாக்கியது. அவர் பதவி உயர்வில் வேறு துறைக்குப் போனார். உள்ளூர்க் கல்லூரியோ ஆசிரியர் தேர்வையே பாதைக்கு மாற்றிவிட்டது. அதிக தூரம் விழுந்தவருக்கு வேலை. வேலை கிடைக்காதவர்கள் நொண்டிக்கொண்டு கடைத்தெருவில் திரிந்தார்கள், பார்ப்பவர்கள் தங்களையும் விழுந்தவர்கள் என்று நினைக்கட்டுமென்று. வாலிபப் பையன்கள் பெண்கள் எதிரே வரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். பெண்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எக்ஸ்ரே அம்மாளின் கணவரை ஊரில் எல்லோரும் வழிகாட்டியார் என்று அழைத்தார்கள். சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரும் கேட்காமலே வழி சொல்லுவார். பேருந்து ஓட்டுநருக்குப் பாதை சொல்லுவார். ஹோட்டலில் சர்வருக்குச் சமையற்கட்டு எந்தப் பக்கம் என்று சொல்லுவார். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டே எந்தப் பல்லை எப்படிப் பிடுங்க வேண்டும் என்று கையால் காட்டுவார். வாழ்நாளில் ஒருவரிடமும் அவர் வழி கேட்டதில்லை. அதனால் அவரும் அவர் மனைவியும் பல நல்ல நிகழ்ச்சிகளுக்கு எல்லாம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு ஒரு வாடகை மண்டபத்தில், நடக்கத் தெரியாதவர்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு தொடங்கினார். குதிகாலை எப்படி ஊன்றுவது, தண்ணீரை எத்தனை மடக்காகக் குடிப்பது, பிள்ளைகள் ஏன் அழுகின்றன என்றெல்லாம் விளக்கினார். அந்தக் காட்டுப்பாதையைப் பற்றியும் முழுசாகச் சொல்லுவார். அதில் அவர் கால் வைத்ததே இல்லை. "விழுந்தவங்க எல்லாம் முறை தெரியாதவங்க" என்பது அவர் கருத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பில் சேர்ந்திருந்த குடும்பங்களை அழைத்துக்கொண்டு பாதைக்குப் போனார். எக்ஸ்ரே அம்மாளுக்கு அன்று விடுமுறை; பைகளைத் தூக்க ஆள் வேண்டுமே என்று அவரும் போனார். முதல் வளைவில் வழிகாட்டியார் முன்பக்கமாகச் சாய்ந்து நடந்தார். இரண்டாவது வளைவில் கைகளையும் ஊன்றினார். அதைத் தாண்டி ஒரு கல் பெஞ்சு இருந்தது. அதுவரை மரவேர்களைப் பிடித்துப் பிடித்து ஊர்ந்து வந்தவர், பெஞ்சின் பக்கவாட்டில் தொற்றி உட்கார்ந்தார். பார்ப்பவர்களுக்கு, கவிழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்போலத் தரையில் மல்லாந்து கிடந்தார். ஒரு மாணவி, "சார், நாங்களும் இப்படித்தான் போகணுமா?" என்று கேட்டாள். "இல்ல இல்ல, இது அடுத்த கட்டப் பயிற்சி. நீங்க இப்போதைக்கு நடந்தே போங்க" என்றார். அவர்கள் நடந்தே போய், பாதை முடியும் மணல்திட்டில் சாப்பிட்டு, ஆற்றில் கால் நனைத்து, திரும்பி வந்து அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்று எக்ஸ்ரே அம்மாள் கேட்டார்.

"நீ போ. நான் உச்சிய ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்."

அவருடைய தொப்பி தலையிலிருந்து நழுவி, பாதையோடு படுத்தவாக்கில் பறந்து, வாகன நிறுத்தத்துப் பக்கம் போய் மறைந்தது.

தீயணைப்புத் துறையினர் வந்தார்கள். கயிறு கட்டிப் பத்திரமாக இறக்கிவிடுகிறோம் என்றார்கள். வழிகாட்டியார் மறுத்துவிட்டார். இறங்கினால், விழுந்தவர்கள் கூட்டத்தில் தன்னையும் சேர்த்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். கயிற்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, அதைச் சுருட்ட வேண்டிய முறையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அம்மாளின் அக்கா வந்து பார்த்தார். "ஒண்ணு எழுந்து நிக்கணும், இல்ல படுக்கணும். நடுவுல இது என்ன கோலம் தம்பி?" என்றார். "மேல போயிட்டிருக்கேன் அக்கா" என்றார் வழிகாட்டியார். "எது மேல?" என்று அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அடுத்த பேருந்துக்குப் போய்விட்டார்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. எக்ஸ்ரே அம்மாள் தினமும் வேலை முடிந்ததும் சாப்பாடு கொண்டுபோனார். டம்ளரில் ஊற்றினால் டீ அவர் வாய்க்குப் போகாமல் பக்கவாட்டில் ஓடிவிட்டது. மூடி போட்ட பாட்டிலுக்கு மாறினார்கள். குளிருக்குப் போர்வை, மழைக்குத் தார்ப்பாய், சவரத்துக்குக் கண்ணாடி. வழியில் போகிற குடும்பங்கள் பெஞ்சருகே நின்று அவரிடம் எதையாவது கேட்டார்கள், அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சொல்லச் சொல்லப் பாதை அவருக்கு இன்னும் நிமிர்ந்தது. செங்குத்தையும் தாண்டி, கவிழ ஆரம்பித்தது. முதலில் இதைக் கவனித்தவர் அவர் மனைவிதான். வாகன நிறுத்தத்தைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்த சட்டை நுனி, ஒரு நாள் லேசாக வானத்தைப் பார்த்துத் தொங்கியது. இனி இவர் பிடியை விட்டால் பேராசிரியரைப்போலப் பாதையோடு விழமாட்டார், மேலே விழுவார் என்று அம்மாளுக்குப் புரிந்தது. மேலே வேன் எதுவும் நிற்கவில்லை. "இறங்கிடலாங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் அவர். அந்த வார்த்தை அம்மாளுக்குப் பழகிய வார்த்தை. கழுவ வேண்டிய பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஒரு நாள், புதிதாக வந்த ஒரு குடும்பத்திடம் அம்மாள், "அந்த வளைவுல வலது பக்கமாப் போங்க. இடது பக்கம் பாசி, வழுக்கும்" என்றார். சொல்லி முடித்தபோது தன் கால் கட்டைவிரல்கள் செருப்பை அழுத்திப் பிடிப்பதை உணர்ந்தார். பாதை மிக மெல்லச் சரிந்திருந்தது. தினமும் நடந்ததில் எந்த வேர் எங்கே துருத்தியிருக்கிறது, எங்கே சேறு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துபோய்விட்டிருந்தது. தெரியாத மாதிரி இருக்க முயன்றார். அது நடக்கிற காரியமில்லை. அடுத்த வாரம் முழங்காலில் கை ஊன்றி ஏறினார். அதற்கடுத்த வாரம் சாப்பாட்டுத் தூக்கின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நான்கு காலால் ஊர்ந்தார். மருத்துவமனை வேலையால் அவருக்குத் தெரியும், எந்த உயரத்திலிருந்து விழுந்தால் எந்த எலும்பு போகும் என்று. அதையும் யோசித்துக்கொண்டுதான் ஏறினார்.

பெஞ்சிலிருந்த வழிகாட்டியாருக்கு முதலில் மூச்சிரைக்கும் சத்தம்தான் கேட்டது. எட்டிப் பார்த்தார். மனைவி கீழே ஒரு வேரைக் கட்டிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பின்னல், முன்பு அவருடைய சட்டை தொங்கியதுபோலவே, வாகன நிறுத்தத்தைப் பார்த்துத் தொங்கியது. அவர் கயிற்றை வீசினார். அவள் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். "இடது கால மேல வை. அப்படியில்ல, குதிகால உள்ள தள்ளு. வேரை மேலாலப் பிடிக்காத, அடியில பிடி" என்று ஆரம்பித்தார். அவள் சொன்னபடியே செய்தாள். செய்யச் செய்ய அவளுக்குத் தெரிந்துகொண்டே வந்தது, பாதை அவளுக்கும் நிமிர்ந்துகொண்டே வந்தது. கால் நழுவியது. தூக்கு விழுந்து, அவ்வளவு தூரமும் உருளாமல் மோதாமல் போய், எங்கோ வெகு கீழே தகரச் சத்தம் கேட்டது.

வழிகாட்டியார் வாயை மூடினார். அவருடைய ஆயுளில் அதைவிடக் கடினமான வேலை எதையும் அவர் செய்ததில்லை. அடுத்த அறிவுரை தொண்டைவரை வந்து நின்றது, விழுங்கினார். அதற்கடுத்ததும் வந்தது, அதையும் விழுங்கினார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, சொல்வதற்கு வேறு எதுவும் தெரியாமல், கடைசியில் கேட்டார்:

"இன்னைக்கு ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சு?"

"என்னது?"

"இல்ல, வேலை எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

அவள் வேரைக் கட்டிக்கொண்டபடியே அண்ணாந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. ஏதோ மூளைக்கு ரத்தம் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொன்னாள். "ஒரு ஆளு சாவிய முழுங்கிட்டு வந்தான்."

"சாவியா? ஏன்?"

"பொண்டாட்டி கேட்டிருக்கா, சட்டைப் பையில என்ன சாவின்னு. வாயில போட்டுக்கிட்டானாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, படம் எடுத்தேன். வயித்துல பளிச்சுனு தெரியுது. அந்தப் பொண்ணு என் கையிலேருந்து படத்தப் பிடுங்கிப் பாத்துட்டு, இது நம்ம வீட்டுப் பூட்டுச் சாவியே இல்லங்கறா."

"அய்யய்யோ. அப்புறம்?"

அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அது யார் வீட்டுச் சாவியாக இருக்கும் என்று அவரால் ஊகிக்கக்கூட முடியவில்லை. அவர் ஒவ்வொரு 'அப்புறம்' சொன்னபோதும் பாதை அவருக்கு ஒரு பிடி தாழ்ந்தது. அவளும் கதை சொல்லுகிற மும்முரத்தில் எந்த வேரைப் பிடித்திருக்கிறோம் என்பதை மறந்தாள், அவளுக்கும் தாழ்ந்தது. அருவியின் இரைச்சல் குறைந்து சலசலப்பாயிற்று. அவள் அந்த ஆளின் மனைவியைப்போல இடுப்பில் கை வைத்துப் பேசிக்காட்ட எழுந்தாள்; எழுந்து நின்ற பிறகுதான் நிற்கிறோம் என்று தெரிந்தது. அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் சாதாரணமாக மல்லாந்து கிடந்தார். ஒரு குடும்பம் அவரைத் தாண்டிப் போனது, அதில் பெரியவர் ஒருவர், "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். வழிகாட்டியார் பதில் சொல்லாமல், "இந்தப் பாதை எங்கங்க போகுது?" என்று கேட்டார். "தெரியலையே, நாங்களும் இப்பத்தான் வரோம்" என்றார் அந்தப் பெரியவர். வழிகாட்டியாரும் எழுந்தார், எல்லோருமாகப் போய்ப் பார்த்தார்கள்.

பாதை ஒரு மணல்திட்டில் முடிந்தது. கொஞ்சம் மணல், ஆற்றின் ஒரு திருப்பம், உட்கார நாலைந்து கற்கள், படுத்திருந்த ஒரு நாய். பல வருடம் வகுப்பில் அவர் விவரித்த இடத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "அந்தச் சாவி என்னாகும்?" என்றார். "நாளைக்குத்தான் தெரியும்" என்றாள் அவள். அவருக்கு நாளை வரை பொறுக்கமுடியாதுபோல இருந்தது.

வனத்துறை பலகையைப் பிறகு திருத்தியது: 'விவரம் தெரிந்தவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் வரவும்.' பாதையோரமாக ஓர் இரும்பு ஏணியைத் தரையில் படுக்கவைத்துப் பதித்திருக்கிறார்கள். கோடையில் நிபுணர்கள் தலைக்கவசத்தோடு அதில் வரிசையாக ஏறுவார்கள். பேராசிரியரும் ஆண்டுக்கொரு முறை கயிற்றில் வந்து தன் மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குவார். பிள்ளைகள் அவர்கள் முதுகுகளைத் தாண்டி ஓடுவார்கள். யாரும் யாரையும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. எக்ஸ்ரே அம்மாளும் அவர் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க வருகிறார்கள். எப்போதாவது ஒரு பறவை கூவும்போது அவர் தன்னை மறந்து விரலை நீட்டி, "இது என்னன்னா" என்று தொடங்குவார்; உடனே அவருடைய கால்கள் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பி வாகன நிறுத்தத்தின் பக்கம் இழுபடும். அம்மாள் பேச்சை நிறுத்தாமல் அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டே, கொடியில் காயும் துணியைப்போலக் காற்றில் கிடக்கும் கணவரை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, அவர் மறுபடி கால் ஊன்றும்வரை நடப்பார்.