இறுதிச் செலவுக்குத் தடையில்லை

இறந்து கிடந்த அப்பா லாசரின் விரல்களைக் கோத்து ஜெபமாலையைச் சுற்ற முயன்றுகொண்டிருந்தாள் ஜெனிதா. விரல்கள் மடங்கவில்லை. அப்பாவின் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்து சதை தெரிந்தது. விடியற்காலையில் கடலுக்குள் இன்ஜின் நின்றுபோக, பெசன்ட் நகர் கரைவரைக்கும் துடுப்புப் போட்டே வந்திருக்கிறார். படகை மணலில் ஏற்றியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டார்.

"இன்ஜின மாத்தணும் மாத்தணும்னு அட்ச்சிக்கினாரு," என்று வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார் சித்தப்பா ஆரோக்கியராஜ். "சங்கத்துல லோன் குட்த்திருந்தா..."

போன மாதம் அப்பாவோடு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஜெனிதாவும் போயிருந்தாள். யார் யாரோ கட்டாமல் விட்ட பாக்கிக்காக, யாருக்குமே புதுக் கடன் தரக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு.

"நான் ஒரு தவணயாச்சும் தவற வுட்டுக்கீறனா மேடம்?" என்று அப்பா கேட்டார். செயலாளர் செண்பகம் தலை குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் அப்பா சிரிக்கப் பார்த்தார். "வட்டிக்காரன்கிட்ட மட்டும் போவ மாட்டேன். கீற இன்ஜின வச்சி ஓட்டலாம்."

இப்போது அதே செண்பகம் கையில் ஒரு கவரோடு வாசலில் நின்றாள்.

"உறுப்பினர் இறந்தா சங்கத்துல குடுக்கிற பணம்மா. இறுதிச் செலவுக்கு. இதுக்குத் தடை இல்ல."

காலையிலிருந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கெங்கம்மா நிமிர்ந்தாள்.

"உசுரோட வந்து கேட்டாரே. அப்ப எங்கம்மா போச்சி இது?"

செண்பகம் நீட்டிய கையை மடக்கவில்லை.

அந்தக் கவரை அவள் முகத்திலேயே விட்டெறிய வேண்டும்போல் இருந்தது ஜெனிதாவுக்கு. ஆனால் தெருமுனையில் சவப்பெட்டிக்காரர் பணம் வராமல் பெட்டியை இறக்க மாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"வாங்கிக்கடி," என்றாள் கெங்கம்மா.

பெட்டி வந்தது. ஒற்றை அறையில் அதை வைக்க இடம் போதவில்லை. தூக்கி வந்தவர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள். கெங்கம்மா எழுந்தாள். சோற்றுப் பானையை எடுத்து வெளியே வைத்தாள். கேஸ் சிலிண்டரைச் சுவரோரம் நகர்த்தப் பார்த்தாள், அசையவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த செண்பகம், குனிந்து மறுபக்கம் பிடித்தாள்.