ஏழாம் வரிசை, நாற்பத்தொன்றாம் இருக்கை

இப்போது எழுந்து வெளியே போய்விட்டால் என்ன ஆகும் என்று மினோரி நினைத்தாள். எழவில்லை, நினைக்க மட்டுமே செய்தாள். பேஸ்பால் மைதானத்தின் நடுவிலிருந்து அவள் தம்பி தைசெய் வீசிய பந்து, அதைப் பிடிக்கக் குந்தியிருந்த கேட்சரின் கையுறைக்கு இரண்டு விரல் தள்ளி, வெளியே போகும் வழி இருந்த பக்கமாக விலகியது. ஸ்ட்ரைக் இல்லை என்றார் அம்பயர். மினோரி கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். அடுத்த பந்து ஒழுங்காக வந்தது.

ஒனோதெரா தைசெய் வீசும் பந்து அவனுடைய அக்கா எங்கே இருக்கிறாளோ அங்கேதான் போகும். ஜப்பானின் இவாதே கடற்கரையில் ஹமாசாகி ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அந்தந்த வருடம் கடற்பாசி என்ன விலைக்குப் போனது என்பது தெரிந்திருந்ததைப் போல. அவனுக்கு ஏழு வயதும் அவளுக்குப் பத்து வயதும் இருந்தபோது, பாசி காயவைக்கும் முற்றத்தில் அப்பா அவளைக் குந்தவைத்துக் கையில் கேட்சர் கையுறையை மாட்டிவிட்டார். வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம். ஒன்பது வருடம், தினம் நூறு பந்து. அவளுடைய இடது ஆள்காட்டி விரல் மரத்துப்போனது. கொதிக்கும் மிசோ சூப்புக் கிண்ணத்தைத் தொட்டாலும் சூடு தெரியாது. பந்துக்கும் அவள் பழகிப்போனாள். அவள் கழிப்பறைக்குப் போயிருந்தால் பந்து கழிப்பறைக் கதவில் மோதியது. அவள் பக்கத்து ஊருக்குப் பரீட்சை எழுதப் போன நாளில் வேலியைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தைக் கடந்து, மாலையில் பரீட்சைக் கூடத்தின் ஜன்னலுக்குக் கீழே வந்து கிடந்தது. காவலாளி அதை எடுத்து அவளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் பெண்கள் ஆட அனுமதியில்லை. ஆகவே தைசெய் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும், துறைமுகக் கூட்டுறவு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மினோரியை விடுப்பு எடுக்கச் சொல்லி, கேட்சருக்கு நேர் பின்னால், வலைக்கு அப்பால் உட்காரவைத்தார்கள். ஹமாசாகி பள்ளி வரலாற்றில் முதல்முறையாக, அந்தப் போட்டி நடக்கும் கோஷியென் மைதானத்துக்குப் போனது. அரையிறுதி ஆட்டம், ஆகஸ்ட் வெயில். எட்டாவது இன்னிங்ஸில் மினோரி மயங்கி விழுந்தாள். மூன்றாம் பேஸ் பக்கம் இருந்த முதலுதவி அறைக்கு அவளைத் தூக்கிப் போனார்கள். தைசெய்யின் அடுத்த நான்கு பந்துகளும் முதலுதவி அறையை நோக்கிக் கிளம்பின. வழியில் நின்ற நான்கு மட்டையாளர்களின் முழங்கையிலும் விலாவிலும் பட்டன. அடிபட்ட ஒவ்வொருவரும் விதிப்படி இலவசமாக ஒரு பேஸ் முன்னேற, பள்ளி தோற்றது.

ஊரில் யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. வீட்டுக்குப் பதினோரு தர்பூசணி வந்தது. அன்றிலிருந்து கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "மினோரி, உடம்பு எப்படி இருக்கு? தூக்கம் வருதா?" என்று விசாரித்தார்கள். மீன்கடைக்காரர் மனைவி அவளுக்கென்று விலாங்கு மீன் எடுத்துவைத்தார். எல்லோரும் அவள் உடம்பைத்தான் கேட்டார்கள். அவளைக் கேட்கவில்லை. இரண்டும் வேறு என்பது முப்பது வயது நெருங்கும்வரை அவளுக்கே தோன்றியதில்லை.

தொழில்முறைக் குழு தைசெய்யை எடுத்தபோது மினோரியையும் 'இருக்கைப் பராமரிப்பு ஊழியர்' என்று பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஏழாம் வரிசையில் ஐந்து இருக்கைகள் அவளுக்கு மட்டும். கேட்சர் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து ஒரு விரல் காட்டினால் அவள் ஓர் இருக்கை நகர்வாள். பந்து கடைசி நேரத்தில் வளையும். கையை மூடினால் குனிந்து ஷூ நாடாவைக் கட்டுவாள். பந்து மட்டைக்கு அடியில் விழும். எதிரணிகள் புகார் செய்தன. மூன்று நாள் விசாரணைக்குப் பிறகு, பார்வையாளர் ஷூ நாடா கட்டக் கூடாதென்று விதி எதுவும் இல்லை எனத் தீர்ப்பானது. எதிரணி ரசிகர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள்.

"அக்கா, அஞ்சு மணிலேருந்து உட்கார்ந்திருக்கீங்களே, பாத்ரூம் வரலையா?"

"ஐஸ்கிரீம் வாங்கித் தரேன், இந்தப் பக்கம் வாங்கக்கா!"

"டேய், அவங்க வந்தா பின்னாடியே பந்தும் வரும். முதல்ல நீ ஹெல்மெட் வாங்கு."

எட்டு வருடத்தில் தைசெய் தொண்ணூற்றொரு ஆட்டங்களை வென்றான். சனிக்கிழமை அவனுடைய நாள். மோரியோகாவில் வங்கியில் வேலை பார்த்த ஒருவரை மினோரி மூன்று முறை சந்தித்தாள், மூன்றும் புதன்கிழமை. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறவர். நான்காவது சந்திப்புக்குச் சனிக்கிழமை சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டார். இரண்டு வருடம் கழித்து வேறு யாரையோ கல்யாணம் செய்துகொண்டார். தைசெய்யின் கேட்சர் அந்தக் கல்யாணத்துக்குப் பணம் வைத்து வாழ்த்து உறை அனுப்பினார்.

பிறகு அமெரிக்கா அவனைக் கேட்டது. பேசி முடிக்க நாற்பத்தைந்து நாள் கெடு. முதலில் அவனை மட்டும் அரிஸோனாவுக்கு அழைத்துப் போய்ப் பரிசோதித்தார்கள். அவன் வீசிய நாற்பது பந்துகளும் வடமேற்கு வேலியைத் தாண்டிப் போயின. அவற்றில் ஒன்று பதினாறாம் நாள் ஹமாசாகியில் பாசிக் கயிற்றில் சிக்கிக் கிடந்தது. அம்மா அதைக் கழுவி வெயிலில் வைத்தாள். அமெரிக்கர்கள் எதையும் மறுக்கவில்லை. ஒப்பந்தத்தை இரண்டாக எழுதினார்கள், அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவளுடையதில் வீடு, மருத்துவர், மாதாமாதம் ஊர்ப் பாசி, மெத்தை வைத்த இருக்கை எல்லாம் இருந்தன.

"உட்காரத்தானே சொல்றாங்க? மலையைப் பேர்க்கவா சொல்றாங்க?" என்றாள் அம்மா, முள்ளங்கி நறுக்கிக்கொண்டே.

"நீ ஒரு நாள் உட்கார்ந்து பாரேன்மா."

"நான் உட்கார்ந்தா பந்து எங்கேடி வருது?" அம்மாவின் குரலில் லேசான பொறாமை இருந்தது.

தைசெய் அவளிடம் தனியாக வந்தான். "அக்கா, ஆறு வருஷந்தான்."

"அங்கே அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வீசணுமாமே?"

"ஆமா."

"இங்கே ஏழு நாளைக்கு ஒரு தடவை."

"கணக்குப் பாக்காதேக்கா."

"கணக்குப் பாக்கலடா. நடுவுல எனக்கு எத்தனை நாள் மிஞ்சும்னு பாத்தேன்."

அவன் கெட்டவன் இல்லை. கேட்டால் எதையும் கொடுப்பான். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றாது, அவ்வளவுதான். பந்துக்கும் தோன்றியதில்லை.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊருக்கு ரசீதுப் புத்தகம் வாங்கப் போனவள், அங்கே பள்ளி மைதானத்தில் பயிற்சி நடப்பதைப் பார்த்து நின்றாள். முதல் பேஸ் பக்கம் இருந்த பலகையில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு பையன் வீசிக்கொண்டிருந்தான். இத்தனை வருடமும் பந்து என்றால் அவளுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, பெரிதாகி முகத்துக்கு வருவது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது ஒரு கோடு. கையிலிருந்து கிளம்பி, சற்றே எழும்பி, தாழ்ந்து, அவளைக் கடந்து போய் யாரோ ஒருவன் கையுறையில் அடங்கியது. அந்தப் பந்துக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. அவள் மூச்சை இழுத்துவிட்டாள், அது விலகவில்லை. எழுந்து இடம் மாறி உட்கார்ந்தாள், விலகவில்லை. குளிரில் மூக்கு சிவக்கும்வரை பார்த்துவிட்டு, ரசீதுப் புத்தகம் வாங்காமலே திரும்பினாள்.

கெடுவின் கடைசி நாள் கூட்டுறவு அலுவலக மாடியில் கூடினார்கள். அப்பா, அம்மா, தைசெய், மொழிபெயர்க்கச் செகினே என்பவர், அமெரிக்கக் குழுவிலிருந்து வந்த ஒருவர். தைசெய் கையெழுத்துப் போட்டுவிட்டான். இரண்டாவது காகிதத்தை அமெரிக்கர் மினோரியின் பக்கம் இரண்டு கைகளாலும் நகர்த்தினார். அந்த மரியாதையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அவள் வராவிட்டால் தம்பியின் ஒப்பந்தமும் செல்லாது என்பதை வருத்தத்துடன் சொன்னார். செகினே அதைவிட அதிக வருத்தத்துடன் மொழிபெயர்த்தார். வந்துவிடுவீர்கள்தானே என்று அமெரிக்கர் கேட்டார்.

மினோரி காகிதத்தைக் கடைசி வரி வரை படித்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் பந்து வீசும் வலது கையை மேசைக்கடியில் வைத்திருந்தான். தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. காகிதத்தை மேசையின் விளிம்புக்கு நேராகத் திருப்பி வைத்தாள். தலையைச் சற்றே சாய்த்தாள்.

"அது கொஞ்சம்..." என்றாள்.

அந்தக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு, அது மறுப்பு என்று புரிய அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அப்பா தேநீர்க் கோப்பையை மூடினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தைசெய் நெற்றி மேசையில் படும்படி அக்காவுக்குத் தலை குனிந்தான். செகினே காகிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். அமெரிக்கர் மட்டும் பேனாவைத் திறந்து பிடித்தபடி, வாக்கியம் முடியட்டும் என்று புன்னகையோடு காத்திருந்தார்.