நீலக்களிக்குக் கீழே

மண்வெட்டியின் சத்தம் மாறியதும் ராஜரத்தினம் கையை நிறுத்தினார். காலையிலிருந்து குளத்தடியில் வெடித்துக் கிடந்த பழுப்பு வண்டலைப் பொலபொலவென்று பெயர்த்துக்கொண்டிருந்த மண்வெட்டி, இப்போது சோப்புக்கட்டியில் கத்தி இறங்குவதுபோல ஓசையில்லாமல் இறங்கியது. இழுத்தால் வர மறுத்தது. குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். நீலமும் சாம்பலும் கலந்த களி. உள்ளங்கையில் வைத்து உருட்ட, உடையாமல் கயிறாக நீண்டது.

"மொத வருசம் குளம் வெட்டறப்ப இங்கதான் நிறுத்தினோம்," என்றார், கரையில் கூடையோடு நின்ற தங்கவேலுவிடம்.

"இப்ப எதுக்குண்ணே நிறுத்தணும்? ஓங்கிப் போடுங்க. கோவிச்சிக்கிட்டுப் போக குளம் என்ன உங்க மாப்பிள்ளையா?"

மண் சுமந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ராஜரத்தினமும் சிரித்தார். அந்த வாரம் அங்கே யாராவது சிரித்ததே அபூர்வம். குளத்தின் தென்மூலையில் முழங்காலளவு தண்ணீர் மட்டும் மிச்சமிருந்தது. மழை வர இன்னும் ஒன்றரை மாதம் ஆகும்.

தொண்ணூறாம் வருடம் பர்மா சர்க்கார் நகரத்துப் பசுந்தாங் கால்வாயோரக் குடிசைகளைப் பிரிக்கச் சொல்லி, ஆட்களையும் தட்டுமுட்டுகளையும் லாரியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் இறக்கியபோது இந்த இடத்தில் ஊர் என்று ஒன்றும் இல்லை. அறுத்து முடித்த நெல்வயல்தான் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம்கூடக் கிடையாது. நாற்பதுக்கு அறுபது அடி என்று கயிறு பிடித்து மூங்கில் முளை அடித்திருந்தார்கள். அவரவர் முளைக்குள் அவரவர் உட்கார்ந்தார்கள். நகரத்துக்குப் போய்வர பஸ்ஸிலேயே நாலு மணி நேரம் போனதால், ஆறே மாதத்தில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. கடைசித் தெருவுக்கும், கடல் ஏற்றத்தில் உப்புத்தண்ணீர் ஏறுகிற ஆற்றுக்காலின் அணைக்கும் நடுவே முளை அடிக்காத ஒரு நீளத் துண்டு தரிசாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதைக் கொத்த ஆரம்பித்தார்கள்.

விவசாயம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தங்கவேலு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். மீரா முகைதீன் நகரத்து லான்மடாவில் பெட்டிக்கடை வைத்திருந்தவர். ராஜரத்தினம் பதினெட்டு வருடம் முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் மாட்டியவர். முதலில் போட்ட தக்காளி முளைத்ததோடு சரி. கத்தரி கருகியது. மூன்றாவதாக, பர்மாக்காரர்கள் சின்பவுங் என்று சொல்கிற புளிச்சகீரையைத் தூவினார்கள்; அது பிடித்துக்கொண்டது. அந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. நுனியைக் கிள்ளினால் கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை விடும். இரண்டையும் கிள்ளினால் நாலாகும். ஆகவே பறிக்கப் பறிக்கத்தான் பாத்தி அடர்த்தியாகும். இதைக் கண்டுபிடித்த நாளில் மீரா முகைதீனின் மனைவி சைதா ஒவ்வொரு வீடாகப் போய்க் கிள்ளிக் காட்டிவிட்டு வந்தாள். அரிசி ஆலையிலிருந்து உமி கொண்டுவந்து எரித்துச் சாம்பலைக் கொட்டினார்கள். மழைநீர் தேங்காமலிருக்கப் பாத்தியை முழங்கால் உயரத்துக்கு எடுத்துக் கட்டினார்கள். பன்னிரண்டு குடும்பம் இருபத்து மூன்றானது. பஜாரில் "ஷ்வேப்யிதா சின்பவுங்" என்று கேட்டு வாங்குகிற அளவுக்கு வந்தது. கூடவே தண்ணீர்ச் செலவும் இரண்டு மடங்கானது. இந்த வருடம் சித்திரை பிறந்து திங்யான் தண்ணீர்த் திருவிழா வந்தபோது, பிள்ளைகள் மேல் ஊற்ற ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கவே அம்மாக்கள் யோசித்தார்கள்.

குளத்தை ஆழப்படுத்தலாம் என்று சொன்னவர் ராஜரத்தினம்தான். தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நகரத்தில் அவர் கற்றிருந்த பாடமும் தவறானதல்ல. அங்கே மேல்தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். நூறடி, இருநூறடி என்று குழாய் இறங்க இறங்கத் தெளிந்த தண்ணீர் வரும். ஆழத்தில் இருப்பதுதான் நல்லது என்பது அவர் கைக்கே பழகிப்போன உண்மை.

நீலக்களியில் முதல் கூடையை எடுத்துக் கொடுத்தபோது கரையில் ஊ பா சேன் வந்து நின்றார். அந்த வயல்களை உழுதவர் அவர். முளை அடித்த பிறகு அவருக்கு மிஞ்சியது அணையோரத்தில் பழைய களத்துமேடும் அதன்மேல் ஒரு குடிசையும்தான். அவரும் மனைவியும் அங்கே இருந்தார்கள். அணை மதகின் பலகையைத் தூக்கி இறக்குவதும் அவர்தான். இந்தப் பக்கம் அதிகம் வரமாட்டார். வந்தாலும் பேசமாட்டார், பாத்திகளைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

அன்று பேசினார். லோன்ஜியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கி ராஜரத்தினத்தின் பக்கத்தில் வந்து நின்று, மெதுவான பர்மியத்தில், "கோ ரத்னம், இந்த நீலத்தை உடைக்காதே. இதுக்கு அடியில உப்பு இருக்கு. உடைச்சா மேல வரும். வந்தா திரும்பிப் போகாது," என்றார்.

"சரி ஊலே. பாத்துக்கிறேன்," என்றார் ராஜரத்தினம், பெரியவர்களைப் பர்மியர் கூப்பிடும் முறையிலேயே.

கிழவர் ஏறிப் போனார். ராஜரத்தினம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வயலில் வேறொருத்தன் கீரை செழிப்பதை எவன் விரும்புவான்? பசுந்தாங்கில் தன் குடிசை இருந்த இடத்தில் இப்போது யாரோ கிடங்கு கட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. அந்தக் கிடங்கின் கூரை ஒழுக வேண்டும் என்று அவரே எத்தனை மழைநாளில் நினைத்திருக்கிறார்! கிழவருக்கு மட்டும் வேறு மனசா இருக்கும்?

"என்னவாம்ணே?" தங்கவேலு மேலிருந்து கேட்டான்.

"ஒண்ணுமில்ல. வெயில் ஜாஸ்தி, பாத்து வெட்டுங்கங்கறார்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது மனைவி ஜெயம்மாவைப் பார்த்தார். தேநீர்த் தூக்கோடு இரண்டு படி கீழே இறங்கி நின்றிருந்தாள். தினமும் பஜாரில் கீரை விற்கிறவள். அவரைவிட நன்றாகப் பர்மியம் பேசுவாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தேநீரை ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டடி களியை வெட்டி எடுத்த மறுநாள் பிற்பகலில் தண்ணீர் வந்தது. குபுகுபுவென்றெல்லாம் வரவில்லை, கால் விரல்களுக்கு நடுவே குளிர்ச்சியாகக் கசிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்காலைத் தொட்டது. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர். தங்கவேலு அதை வாரித் தலையில் ஊற்றிக்கொண்டு, "திங்யான் இப்பத்தாண்டா வந்துருக்கு!" என்று கத்தினான். சைதா ஒரு கை மொண்டு குடித்து, "நல்லாத்தான் இருக்கு," என்றாள். மூலையில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் அதில் கலந்திருந்தது. அன்று மாலையே இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் தோள்கட்டையின் இரு முனையிலும் தகர டின் தொங்கவிட்டுச் சுமந்து எல்லாப் பாத்திக்கும் ஊற்றினார்கள். தொடர்ந்து ஆறு நாள் ஊற்றினார்கள்.

ஏழாம் நாள் இலைகளின் ஓரம் பழுத்திருந்தது. வாடல் என்றால் இலை தொங்கும். தண்ணீர் விட்டால் நிமிரும். இது தொங்கவில்லை. நெருப்புக் காட்டினதுபோல் ஓரத்திலிருந்து நடுவுக்குக் காய்ந்து வந்தது. தண்ணீர் விட விட அதிகமாயிற்று. பாத்தி மேல் மண் காய்ந்த இடங்களில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மீரா முகைதீன் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு," என்றார்.

ராஜரத்தினம் அன்று குளத்தங்கரையில் தனியே உட்கார்ந்து அதை யோசித்து முடித்தார். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று புரியாமல் அவரால் எழுந்துபோக முடியாது; புரிந்தபோது எழுந்திருக்கவே முடியவில்லை. மழைத்தண்ணீர் இலேசு, உப்புத்தண்ணீர் கனம். ரசத்தின்மேல் நெய் நிற்பதுபோல நல்ல தண்ணீர் மேலே நின்றிருக்கிறது. நீலக்களி இரண்டையும் பிரித்து வைத்த தட்டு. கீழே இருப்பது பக்கத்து ஆற்றுக்காலோடு சேர்ந்த தண்ணீர். வழி கிடைத்தால் மேலேறும். இந்த மூன்று வருடமும் அவர்கள் பிழைத்தது அந்தத் தட்டின் மேல். அதை உடைத்தது அவர் மண்வெட்டி. உடைக்காதே என்று ஒரு மனிதன் வந்து சொன்ன பிறகு உடைத்தது.

மாலையில் எல்லோரும் குளத்தங்கரையில் கூடினார்கள். குளம் வெட்டியதில் தவறு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெட்டச் சொன்னவர் தண்ணீர் தெரிந்தவர் ஆயிற்றே. ஆகவே வேறு காரணம் வேண்டியிருந்தது. அது சீக்கிரமே கிடைத்தது.

"கெழவன் வேலைதான்," என்றான் தங்கவேலு. "அணை மதகு யார் கையில இருக்கு? பௌர்ணமி ஏத்தத்துல பலகையத் தூக்கி உப்புத்தண்ணிய உள்ள விட்டுருக்கான். வந்து நோட்டம் பாத்துட்டுப் போனானே, அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

"கண்ணால பாத்தியா?" என்றார் மீரா முகைதீன்.

"பாக்கணுமா பாய்? வார்டு ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னா போதும். களத்துமேட்டுல ஒக்காந்துருக்கானே, அதுக்கு அவங்கிட்ட சீட்டு இருக்கா? நாளைக்கே தூக்கிருவாங்க."

"ரத்தினம், நீ என்னப்பா சொல்றே?" என்று மீரா முகைதீன் கேட்டார்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் ஜெயம்மா நின்றிருந்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தம் ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு," என்றார்.

அவ்வளவு போதுமாயிருந்தது. கலையும்போது தங்கவேலு நேராக அணைக்குப் போய், மேட்டுக்குக் கீழே நின்று, நாளைக்கு ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்று பர்மியத்தில் கத்திவிட்டு வந்தான்.

வீட்டில் ஜெயம்மா சோறு போட்டாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். குடிக்கிற தண்ணீர் பானையில் இருந்தது. லாரித் தண்ணீர், அளந்து அளந்து செலவழிப்பது. இது அதிலிருந்து மொண்டது இல்லை என்று அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"குடிங்க," என்றாள்.

அவர் குடித்தார். நாக்கின் ஓரங்களில் கரித்தது. பாதியில் டம்ளரை வைத்தார்.

"முழுசாக் குடிங்க. நம்ம குளத்துத் தண்ணிதானே."

குடித்து முடித்தார். அவள் டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டுப் பேர் கிளம்பினார்கள். ஆபீசுக்குப் போகும் முன் ஆளை நேரில் ஒரு தரம் கேட்டுவிட வேண்டும் என்று மீரா முகைதீன் பிடிவாதமாகச் சொன்னதால் முதலில் அணைப்பக்கம் நடந்தார்கள். வழி பாத்திகளுக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் கீரை பழுத்து நின்றது. கடைசிப் பாத்தி தாண்டியதும் ராஜரத்தினம் நின்றார்.

"அவர் சொன்னாரு."

"யாரு? என்ன சொன்னாரு?"

"ஊ பா சேன். களிய உடைக்காதே, அடியில உப்புன்னு சொன்னாரு. அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு. நாந்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

தங்கவேலு அவர் முகத்தை, அதில் இன்னும் ஏதோ எழுதியிருப்பதுபோல, பார்த்தான்.

"ஏண்ணே?"

"பொறாமையில சொல்றாருன்னு நெனச்சேன்."

"நேத்து நான் அங்க போயிக் கத்துனேனே. அதுக்கு முன்னாடியாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்."

மீரா முகைதீன் தலைத்தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி வைத்துக்கொண்டார். "நடங்க," என்றார். "இப்ப எல்லாருமாப் போயி மன்னிப்புக் கேக்கணும். நீ முன்னாடி போ ரத்தினம்."

களத்துமேட்டில் குடிசை இல்லை. நாலு மூங்கில் கால்கள் நின்றிருந்த குழிகள் மட்டும் இருந்தன. குழியின் மண் இன்னும் ஈரமாக இருந்தது. பாயையும் தட்டியையும் அவிழ்த்த நார்த்துண்டுகளைக்கூடச் சுற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். அடுப்புக் கற்கள் கழுவியிருந்தன. அணையின் மறுபக்கம் சேற்றில் படகு இழுத்த தடம் தண்ணீர்வரை போயிருந்தது. ஒருமுறை தூக்கப்பட்டவர்கள் இரண்டாவது முறை தூக்க வரும்வரை காத்திருக்க மாட்டார்கள் என்பது அங்கே நின்ற எட்டுப் பேருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேட்டின் சரிவில் ஒரு சின்னக் குழி இருந்தது. இடுப்பளவு ஆழம்கூட இராது. மண் சரியாதபடி மூங்கில் பிளாச்சு பின்னி உள்ளே இறக்கியிருந்தது. கொட்டாங்கச்சி அகப்பை ஒன்று விளிம்பில் கவிழ்ந்து கிடந்தது. அதை அவர்கள் விட்டுப் போயிருந்தார்கள். ராஜரத்தினம் மண்டியிட்டு ஒரு வாய் மொண்டு குடித்தார். இனித்தது. குழியின் நடுவே ஊன்றியிருந்த மூங்கில் குச்சியில் கத்தியால் போட்ட ஒரு வெட்டு இருந்தது. தண்ணீர் அதற்கு நாலு விரல் மேலே நின்றது. மேடு மணல் கலந்த பூமி; ஒரு மழைக்காலத்துத் தண்ணீரைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுகிறது. இரண்டு பேர் குடிக்க, மேலாக மட்டும் மொண்டு, ஊறும்வரை காத்திருந்து, மறுபடி மொண்டு. வெட்டு எதற்கென்று அவருக்கு உடனே புரிந்தது.

நல்ல தண்ணீர் இருக்கிற சேதி தெருவுக்கு எப்படிப் போனதோ, வெயில் ஏறுவதற்குள் பெண்கள் குடங்களோடு வந்துவிட்டார்கள். ஜெயம்மா முதலில் நின்றாள். சைதா இரண்டாவது. அப்புறம் வரிசை சரிவிலிருந்து இறங்கிப் பாத்திகள்வரை போயிற்று. ராஜரத்தினம் குழியின் பக்கத்தில் குச்சியைப் பார்த்தபடி நின்றிருந்தார். யாரும் அவரை நகரச் சொல்லவில்லை. ஜெயம்மாவின் குடம் நிறைந்தது. சைதாவின் குடத்தில் பாதி நிறைந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"அந்த வெட்டுக்குக் கீழ மொள்ளாதீங்க. கீழ போனா உப்பு ஏறிடும்."

சைதா அகப்பையை நிறுத்தாமல் அவரை ஒருமுறை பார்த்தாள்.

"என்னவாம்?" வரிசையில் பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

பதில் சொல்ல யாரும் திரும்பவில்லை. கொட்டாங்கச்சி மறுபடி உள்ளே இறங்கியது. தண்ணீர் வெட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. சரிவில் இன்னும் பதினைந்து குடங்கள் இருந்தன.