கயிற்றுக்கு இந்தப் பக்கம்

"எரியுது!" என்று கத்திவிட்டு ரோஸ்விதா வெடிப்பொட்டலத்தைச் சரிவுக்குள் வீசினாள். பாறைக்குப் பின்னால் ஓடி வந்து டீட்மாரின் பக்கத்தில் குந்திக் காதைப் பொத்திக்கொண்டாள். மலைக்காவல் குழுவுக்கு டீட்மார்தான் தலைவர். ஸ்கீ ஆட்கள் வரும் முன் தளர்ந்த பனியை வெடி வைத்துச் சரித்துவிடுவது அவர்கள் வேலை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். தொண்ணூறுக்குச் சற்று முன்பாகவே அதிர்வு முழங்கால் வழியாக ஏறியது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது.

பனி உடனே அசையவில்லை. சரிவின் குறுக்கே கீறல் மாதிரி ஒரு கோடு விழுந்தது. பிறகு சரிவின் மேல்பகுதிப் பனி முழுவதுமாகக் கழன்று புகைந்துகொண்டு கீழே இறங்கியது.

"நல்லாப் போச்சு. ராத்திரி விழுந்தது மொத்தமும் வந்துடுச்சு" என்றார் டீட்மார். "ஒன்பது மணிக்கு லிஃப்ட்டைத் திறந்துடலாம்."

அப்போது ரேடியோ கரகரத்தது. கீழே டிக்கெட் ஜன்னலில் இருக்கும் ஹெட்விக்.

"ரோஸி, உங்க அப்பா வண்டி கீழ நிக்குது. வண்டி மேல பனியே இல்ல. இப்பக் காலைல வந்ததுதான்."

மணி ஏழு பத்து. வெடிக்கும்போது சரிவின் இடது தோளில் மேகம் படுத்திருந்தது. சங்கு ஊதி, மூன்று முறை குரல் கொடுத்த பிறகுதான் வெடித்தார்கள். இப்போது மேகம் விலகியிருந்தது. தடைக்கயிற்றுக்கு அடியில் நுழைந்து மேலே ஏறும் ஒரு ஸ்கீத் தடம் தெரிந்தது. ஒரே ஆளின் தடம். பனி உடைந்து போன விளிம்பு வரை வந்து அங்கேயே அறுந்திருந்தது.

ரோஸ்விதா அப்பாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்பா வென்டலின் இந்தப் பள்ளத்தாக்கில் முப்பத்தாறு வருஷம் தபால்காரராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கால்கள் சும்மா இருக்கவில்லை. ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ரோமப்பட்டை ஒட்டிக்கொண்டு, லிஃப்ட் ஓடத் தொடங்கும் முன் மலையேறி இறங்கிவிடுவார். வெடி வைக்கும் நாட்களில் மலை மூடியிருக்கும். ஏறுகிறவர்களுக்கு அன்று காட்டுப்பாதை மட்டும்தான். இந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை அவர் கயிற்றுக்கு அடியில் புகுந்து மாட்டிக்கொண்டார். இரண்டாவது முறை பிடித்தது ரோஸ்விதாவேதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் அது சண்டையாக வெடித்தது.

"நான் தபால் தூக்கிட்டு ஏறினப்ப உங்க லிஃப்ட்டுக்கு ஒரு தூண்கூடக் கிடையாது. எனக்கே கயிறு கட்டுறியா?"

"நான் குண்டு போடுற சரிவுலப்பா நீங்க நடக்குறீங்க. என் கையாலயே உங்களக் கொல்லணுமா? அதான் வேணுமா உங்களுக்கு?"

வென்டலின் கரண்டியைக் கீழே வைத்தார். கிண்ணத்தில் மிச்சமிருந்த சூப்பைத் தூக்கிக் குடித்துவிட்டு எழுந்து போனார். இன்று வியாழன். நடுவில் இருவரும் பேசவில்லை.

ஏழரைக்குள் ஒன்பது பேர் சரிவின் அடியில் இருந்தார்கள். சிக்னல் தேடும் கருவிகளைப் பிடித்துக்கொண்டு பனிக்குவியலின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். புதைந்தவரும் அதே மாதிரி ஒன்றை உடலில் கட்டியிருந்தால்தான் அது ஒலிக்கும். எந்தக் கருவியும் ஒலிக்கவில்லை.

"அவர் அதையெல்லாம் போட்டுக்க மாட்டார்" என்றாள் ரோஸ்விதா. "அலமாரியில வெச்சிருப்பார். கம்பியால குத்துங்க."

தோளோடு தோள் உரச வரிசையாக நின்று நீளக்கம்பிகளைப் பனிக்குள் இறக்கினார்கள். இறக்கு, எடு, ஒரு அடி முன்னே. அவள் கம்பி ஒரு தடவை எதிலோ இடித்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோண்டினாள். முறிந்த பைன் கிளை.

டீட்மார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ரோஸி, காட்டுப்பாதைக்கு ஒரு ஆள அனுப்பட்டுமா? சும்மா பாத்துட்டு வரட்டும்."

"வேண்டாம்."

"பத்து நிமிஷ வேலைதான்."

"ஒரு ஆள்கூட இங்கேர்ந்து போகக் கூடாது, டீட்மார். பனிக்குள்ள ஒவ்வொரு நிமிஷமும் மூச்சு குறையுது. அவர் அந்தப் பாதையில போக மாட்டார். எனக்குத் தெரியாதா எங்க அப்பாவ?"

டீட்மார் வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பினார்.

எட்டு மணிக்குச் சட்டைப்பைக்குள் போன் துடித்தது. அப்பாதான் என்று எடுத்தாள். அம்மா.

"அப்பா இன்னும் வரல. ரொட்டி வாங்கிட்டு ஏழரைக்கு வந்துடுறேன்னாரு. போனும் எடுக்க மாட்டேங்குறாரு. நீ மேலதான இருக்க? ரோஸி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், அவரு—"

"அம்மா, கைல வேலை இருக்கு. வந்துடுவார். வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

கம்பிகள் பனியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எட்டரைக்குப் பிறகு யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பது பத்துக்கு ஹெட்விக்கின் குரல் வந்தது. அது அவள் குரல் மாதிரியே இல்லை. "காட்டுப்பாதையில... நாயோட ஏறின ஒரு அம்மா உங்க அப்பாவப் பாத்திருக்காங்க. ரெண்டாவது வளைவுல. டாக்டர் போயிட்டு இருக்காங்க."

ரோஸ்விதா இறங்கிய வேகத்துக்கு டீட்மாரால் ஈடுகொடுக்க முடியவில்லை. காட்டின் ஓரத்தில் ஸ்கீயைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். முதல் வளைவைத் தாண்டியதும் அவள் நெஞ்சில் தொங்கிய கருவி ஒலிக்கத் தொடங்கியது. தேடும் நிலையிலிருந்து அதை மாற்ற மறந்திருந்தாள். திரையில் நாற்பது மீட்டர் என்று காட்டியது. அவள் ஓட ஓட முப்பத்தொன்று. பத்தொன்பது. ஒலி நெருக்கமாகிக்கொண்டே வந்தது. ஆறு. இரண்டு.

வென்டலின் வெட்டிப்போட்ட ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து பின்னால் இருந்த மரத்தில் சாய்ந்திருந்தார். ஸ்கீ இரண்டும் பக்கத்தில் பனியில் நேராக ஊன்றியிருந்தன. ஒரு கையுறை மடியில் கிடந்தது. ஜாக்கெட்டின் பொத்தான்கள் பாதி திறந்திருந்தன. உள்ளே, அலமாரியில் இருக்க வேண்டிய கருவி வாரோடு கட்டப்பட்டு, பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் ஃபால்க்னர் மண்டியிட்டிருந்தாள். "அத அணைச்சிடு, ரோஸி" என்றாள். ரோஸ்விதா தன் கருவியை அணைத்தாள்.

"இதயம்தான். உக்காந்து இளைப்பாறியிருக்கார்."

"எத்தனை மணிக்கு?"

"ரோஸி..."

"எத்தனை மணிக்கு, டாக்டர்?"

டாக்டர் அவர் சட்டைக்குள் கையை விட்டு அக்குளில் சிறிது நேரம் வைத்திருந்தாள். "ரொம்ப நேரம் ஆகல" என்றாள். சொன்ன பிறகு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "உடனே வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க."

டாக்டர் அவர் ஜாக்கெட்டின் பொத்தான்களைப் போட்டாள்.

மரங்களுக்கு நடுவே கீழே வண்டிகள் நிற்கும் இடம் தெரிந்தது. அப்பாவின் சிவப்பு வண்டியின் கூரைகூடத் தெரிந்தது. நடந்தால் கால் மணி நேரம்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த டீட்மார் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தத் தடம் விடுதியில தங்கியிருக்கற ஒரு ஆளோடது" என்றார். "விடியறதுக்கு முன்னாடியே ஏறி அந்தப் பக்கமா இறங்கிட்டானாம். இப்பதான் ஹெட்விக் சொன்னா. உக்காந்து முட்டை தின்னுட்டு இருக்கானாம்." பிறகு சொன்னார், "நான் ஆள அனுப்பியிருக்கணும். நீ வேண்டாம்னாலும் அனுப்பியிருக்கணும். தலைவன் நான்தான்."

ரோஸ்விதா மடியில் கிடந்த கையுறையை எடுத்து அப்பாவின் வெறுங்கையில் மாட்டினாள். விரல்கள் மடங்கியிருந்ததால் நேரம் பிடித்தது. கட்டை விரல் உள்ளே போகவே இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அம்மா அடுப்பருகே நின்றிருந்தாள். பனி பூட்ஸோடு யாரும் சமையலறைக்குள் வரக் கூடாது. அம்மா இர்ம்கார்டின் வீட்டில் அது சட்டம். அம்மா அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு மெதுவாக மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"கயிறத் தாண்டினாரா?"

"இல்லம்மா. காட்டுப்பாதையில. நெஞ்சு வலி."

அம்மா தலையை ஆட்டினாள். மேசைத்துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். மறுபடி நீவினாள்.

"அதத்தான் போன்ல சொல்ல வந்தேன். திங்கக்கிழமைலேர்ந்து அதுலதான் போறாரு. அலமாரியில இருந்த அந்தச் சிக்னல் பெட்டியையும் எடுத்து மாட்டிக்கிட்டாரு. உங்கிட்ட சொல்லாதேன்னாரு. 'இப்பவே சொன்னா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும். ஒரு வாரம் போகட்டும்'னாரு." அவள் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது.

ரோஸ்விதா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டியப் பாத்ததும் தேடியிருப்பீங்கல்ல?" என்றாள் அம்மா. "ரொம்ப நேரம் தனியா இருந்திருக்கலையே?"

பூட்ஸில் ஒட்டியிருந்த பனி உருகி, தரைப்பலகை வழியே மேசைக்கடியில் ஓடியது. அம்மா துணி எடுக்க எழவில்லை. நனையாமல் இருக்கக் கால்களைத் தூக்கி நாற்காலியின் குறுக்குக்கட்டையில் வைத்துக்கொண்டு, மகளையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.