மறுக்கக் கொண்டுபோன வெற்றிலை

வியட்நாமில் கம்யூனிஸ்டுகளிடம் சைகோன் விழுந்த மறு வருஷம். இந்தியர்களை ஏற்றிக்கொண்டு நாளை மறுநாள் ஒரு விமானம் கிளம்புகிறது. இந்தியருக்கு மனைவி என்றால் கூடப் போகலாம்; மற்றவர்கள் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். காரைக்காலிலிருந்து வந்து அங்கே பிழைத்த மஸ்தான் இரண்டு வேளையாகச் சோறு தொடவில்லை.

அவன் விரும்பிய லான், பழைய தலைநகரான ஹுவேயின் அரச வம்சத்துப் பெண். புது ஆட்சியில் அந்த வம்சப் பெயரே குற்றமாகிவிட்டது. அவளுடைய அண்ணனைக் கைதிகள் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாயையும் மகளையும் காடு திருத்த அனுப்பப்போவதாகப் பேச்சு. லான் கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேரத் தயாராக இருந்தாள். தாய் ஹான் அம்மாளோ, மாப்பிள்ளை எங்கள் முன்னோர் படத்தின் முன் விழுந்து வணங்கினால்தான் பெண் என்று ஒரே பிடியாக நின்றாள்.

"அல்லாவுக்குக் குனிஞ்ச தலையைப் படத்துக்குக் குனியச் சொல்றாங்களே, லாத்தா!"

"குனியாதே. அந்த ராஜா வூட்டுச் சம்பந்தமே நமக்கு வாணாம். நானே போய் முடிச்சுட்டு வர்றேன்" என்றாள் அக்காள் ஜெய்த்தூன் பீவி.

"அதோட அந்தப் புள்ள கதையும் முடிஞ்சுடும், லாத்தா."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேண்டாம் என்று சொல்லப் போகிற வீடானாலும் வெறுங்கையோடு நுழைவது காரைக்கால் வழக்கமில்லை. சைகோனின் பென்தான் சந்தையில் பழமில்லை, சர்க்கரையில்லை. கிடைத்தது கொஞ்சம் வெற்றிலையும் ஒரு குலைப் பாக்கும்தான். தட்டில் வைத்து, தூசி படாமல் ஒரு சிவப்புத் துணியால் மூடி எடுத்துப்போனாள்.

கதவைத் திறந்த ஹான் அம்மாள் துணியை விலக்கிப் பார்த்தாள். தட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஊரில் வெற்றிலை பாக்கு சிவப்புத் துணி மூடி வந்தால் பெண் கேட்டு வந்ததாகப் பொருள். வாங்கிக்கொண்டால் பெண் கொடுத்ததாகப் பொருள். ஜெய்த்தூனுக்குத் தெரியாததல்ல, கோபத்தில் மறந்துபோயிருந்தாள்.

"எங்களைக் கண்டால் தெருவே ஒதுங்கிப் போகிறது" என்று வியட்நாமிய மொழியில் விம்மினாள் ஹான் அம்மாள். "என் மகளையும் முறையாகக் கேட்டு வர ஆள் இருக்கிறதே!"

அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த, முன்னோரான அரசர் படத்தை எடுத்துத் தட்டை அதன்முன் வைத்தாள். "உங்கள் தம்பி குனிய வேண்டாம். அவருக்கும் சேர்த்து நானே குனிந்துகொள்கிறேன்."

நரைத்த தலை தரையைத் தொட்டது. பிழை என்று சொல்லி அந்தத் தட்டைத் திரும்ப எடுக்க யாருக்குக் கை வரும்? ஜெய்த்தூன் குனிந்தவளைத் தூக்கி நிறுத்தினாள்.

"நாளைக்கே பள்ளிவாசலில் நிக்காஹ். கருகமணித் தாலியை நானே அவள் கழுத்தில் கட்டுகிறேன். ஆனால் நீங்கள்?"

"நான் யாருக்கும் மனைவி இல்லையே, விமானம் ஏற" என்று சிரிக்கப் பார்த்தாள் ஹான் அம்மாள்.

வந்த வெற்றிலையில் பாதியைத் திருப்பித் தருவது அவர்கள் முறை. விமானம் கிளம்பும் காலையில் ஹான் அம்மாள் வாசலில் நின்று அந்தப் பாதியை ஜெய்த்தூன் கையில் வைத்தாள். மகளைத் தொட்டால் விட முடியாதென்று தொடவில்லை.

விமானத்தில் லான் கருகமணியைப் பிடித்தபடி அழுதுகொண்டே வந்தாள். ஜெய்த்தூன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலை அதற்குள் வாடத் தொடங்கியிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு வாய்க்குள் வேண்டினாள்:

"யா அல்லா, அந்தத் தாய்க்கு ஒரு வாய்த் தண்ணி கொடுக்கவாவது யாரையாச்சும் அனுப்பு."