எந்தக் கட்சியையும் சாராதவர்

அப்பாவைக் கூடத்தில் கிடத்தி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தம்பி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

"அக்கா, கட்சிக்காரங்க கொடியோட வருவாங்க. போட விடாத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருஷம் பசை வாளியும் சுவரொட்டியுமாக அலைந்தவர் அப்பா. 'நான் போனா கொடி போத்தித்தான் அனுப்பணும்' என்று அம்மா இருந்த காலத்தில் வாய் ஓயாமல் சொல்வார். பிற்பாடு சொல்லவில்லை, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இவனோ தொலைக்காட்சி விவாதங்களில் எந்தக் கட்சியையும் சாராத அரசியல் விமர்சகர். இவன் முகத்துக்குக் கீழே அப்படித்தான் எழுத்து வரும். பன்னிரண்டு வருஷமாக அந்த ஒற்றை வரியில்தான் இவன் பிழைப்பு.

"வாசல்ல கேமரா நிக்குது. ஒரு படம் போதும், இத்தன நாள் பேசினதெல்லாம் அப்பா கட்சிக்காகன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே. ஊருக்கெல்லாம் நியாயம் சொல்ற. பெத்தவருக்கு ஒரு துணியப் போட உனக்குக் கை நடுங்குது."

எதிரே நாலு பேர் கத்தினாலும் அசராதவன், குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். கண் சிவந்திருந்தது. பாவமாகவும் இருந்தது, ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

நான் விடுவதாக இல்லை. உறுப்பினர் அட்டையையாவது அப்பாவின் சட்டைப் பையில் வைத்து அனுப்பலாம் என்று அவருடைய தகரப் பெட்டியைக் குடைந்தேன். கண்ணாடிக் கூடு, மாத்திரைச் சீட்டு, தம்பி படம் போட்ட செய்தித்தாள் துண்டு. அட்டையைக் காணோம்.

பத்து மணிக்குக் கிளைச் செயலாளர் வந்தார். அப்பாவின் கூட்டாளி. கூட நாலைந்து பேர். எல்லாரும் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். மறித்துச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணி வைத்திருந்த தம்பி, வாசற்படியில் சும்மா நின்றான்.

"கொடி எங்க மாமா?" என்றேன்.

"உறுப்பினருக்குத்தாம்மா போடுவோம். அப்பா உறுப்பினர் இல்ல."

"என்ன பேசுறீங்க?"

"பன்னெண்டு வருஷமாச்சு. தம்பி மொதல்தடவ டிவில வந்தான்ல, மறுநாள் காலைல வந்து அட்டைய மேசைல வச்சாரு. 'எம்பையன் நடுவுல நின்னு பேசப்போறான். உங்கப்பன் எங்க நிக்கிறான்னு எவனும் அவனக் கேக்கக்கூடாது'ன்னாரு. செத்தாலும் கொடி வேணாம்னு எழுதியே குடுத்துட்டாரு."

தம்பி வாசற்படியிலிருந்து இறங்கி வந்தான். "என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ விடமாட்டேன்னு நெனச்சாரு."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்த அட்டை?" என்றேன்.

"ஆபீஸ் டிராயர்ல இருக்கு. ஞாயித்துக்கெழம வருவாரு. எடுத்துப் பாப்பாரு, திரும்ப வச்சுட்டுப் போயிடுவாரு."

ஞாயிறுதோறும் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்றுதான் எங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

"கொடியக் கொண்டுவரச் சொல்லுங்க மாமா," என்றான் தம்பி. "நானே போடுறேன். கேமரா எடுத்தா எடுக்கட்டும்."

செயலாளர் அவன் தோளில் கை வைத்தார். "அவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது தம்பி. மீற எனக்கு மனசு வரல."

வண்டி வந்தது. வெறும் வெள்ளைத் துணியோடு அப்பாவைத் தூக்கினோம். கேமராக்காரர் வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டார். தம்பி கேட்ட படம்தான் அது. அவன் கேமராவுக்கு முதுகைக் காட்டி, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.